செம்பருத்தி இலையும் மூன்று குடுவைகளும்

ஒளிச்சேர்க்கைக்கு ஒளி, பச்சையம், கார்பன் டை ஆக்சைடு, நீர் ஆகிய நான்கும் வேண்டும் என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவர் எவரும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார். அந்த நான்கையும் வகுப்பறையில் கண்ணால் காணும்படி காட்ட முடியுமா என்று பார்ப்பதற்காக, இந்த ஆண்டு சோதனைகளை நான் செய்துகாட்டாமல் மாணவர்களையே செய்யவைத்தேன். சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் இடையே, கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களை ஒட்டியுள்ள எங்கள் பள்ளியில் தனி ஆய்வகம் கிடையாது. வகுப்பறையின் பின்பக்கத்தில் இரண்டு மேசைகளும் ஒரு பீரோவும்தான் ஆய்வகம். இங்கே பதிவு செய்பவை எல்லாம் அந்த மேசைகளின்மேல் செய்து, தவறி, காரணம் தேடி, மீண்டும் செய்தவை. இவற்றுள் கார்பன் டை ஆக்சைடு பற்றிய சோதனையே எங்களை அதிக நாள் உட்காரவைத்தது. அதையே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கார்த்திகை மாதத்தில் தொடங்கினோம். வடகிழக்குப் பருவமழை ஓயாத நாட்கள் அவை. தொடர்ந்து மூன்று மணி நேரம் நல்ல வெயில் கிடைக்காததால், வெளியில் வைத்த செடிக்கும் இருட்டில் வைத்த செடிக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் மீண்டும் எடுத்தோம். தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் காலை எட்டு மணிக்கெல்லாம் வெயில் தெளிந்துவிடும். அதே சமயம் சித்திரை வெயிலைப் போல இலையைப் பொசுக்கவும் செய்யாது. இந்தச் சோதனைகளுக்கு அதைவிட ஏற்ற காலம் இல்லை.

செடியாகச் செம்பருத்தியைத் தேர்ந்தெடுத்தோம். அகலமான, மெல்லிய இலை; ஸ்பிரிட்டில் விரைவாக நிறம் இறங்கும்; எல்லார் வீட்டிலும் இருக்கும். முந்தைய ஆண்டுகளில் மணி பிளான்ட் இலையைப் பயன்படுத்தியிருக்கிறேன். அதன் மேல்தோல் மெழுகுபோல் தடித்திருப்பதால், ஸ்டார்ச் பட்டால் நீலமாகும் அயோடின் உள்ளே இறங்க நெடுநேரம் பிடிக்கும், இறங்கிய பிறகும் திட்டுத்திட்டாகவே நிறம் காட்டும். ஒரே வயதுள்ள, ஒரே வீட்டுப் பதியனிலிருந்து வளர்த்த நான்கு தொட்டிச் செடிகளை ஒரு மாணவியின் தாயார் கொடுத்து உதவினார். ஒரே தாய்ச்செடியின் பதியன்களாக இருந்தது பின்னால் மிகவும் பயன்பட்டது. ஓர் இலைக்கும் மற்றோர் இலைக்கும் வேறுபாடு தெரிந்தால் அது செடியின் குணத்தால் வந்ததோ என்று ஐயுற இடமில்லாமல் போயிற்று.

சோதனைக்கு முன் இலையில் ஏற்கெனவே உள்ள ஸ்டார்ச்சை, அதாவது மாவுச்சத்தை, நீக்க வேண்டும். பகலில் இலை தான் உருவாக்கிய சர்க்கரையின் ஒரு பகுதியை ஸ்டார்ச்சாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இரவில் அதை மீண்டும் சர்க்கரையாக்கித் தண்டுக்கும் வேருக்கும் அனுப்பிவிடுகிறது. ஆகவே செடியை இருட்டில் வைத்தால் இலை தன் இருப்பைத் தானே தீர்த்துவிடும். ஓர் இரவு போதும் என்று நினைத்து, மாலையில் பீரோவுக்குள் வைத்த தொட்டியை மறுநாள் காலையில் எடுத்துச் சோதித்தோம். இலை முழுவதும் வெளிறாமல், நரம்புகளை ஒட்டி நீலச் சாயல் தங்கியிருந்தது. அடுத்த முறை பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் கறுப்புத் துணி போர்த்தி, 48 மணி நேரம் வைத்த பிறகே இலை முற்றிலும் வெறுமையாயிற்று. இதைச் சோதித்து உறுதி செய்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. இருட்டில் இருந்த செடியிலிருந்து ஓர் இலையை முதலில் பறித்து அயோடின் விட்டுப் பார்த்து, நீலம் வரவில்லை என்று கண்ட பின்னரே அந்தச் செடியை வெயிலுக்குக் கொண்டுபோவது என்று வகுப்பில் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டோம்.

அயோடின் சோதனையைச் செய்யும் முறையில் பாதுகாப்பைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இலையின் பச்சையத்தை வெளியேற்றச் சூடான ஸ்பிரிட் வேண்டும். ஸ்பிரிட்டோ சுமார் 78 பாகை செல்சியஸில் கொதித்து, அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். நான் மாணவியாக இருந்தபோது, சுடருக்கு அருகே வைத்த ஸ்பிரிட் பீக்கரில் தீப்பற்றி ஒரு மேசைத்துணி எரிந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் வகுப்பில் சுடரே கிடையாது. மின்கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதை அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, ஸ்பிரிட்டும் இலையும் உள்ள சோதனைக்குழாயை அதற்குள் நிறுத்தினால் போதும். ஸ்பிரிட்டில் போடுமுன் இலையை ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் செல்கள் இறந்து, அவற்றின் வேலை நின்று, உள்ளே இருப்பது அப்படியே நிற்கும். ஸ்பிரிட்டிலிருந்து எடுத்த இலை அப்பளம்போல் முறியக்கூடியதாக இருக்கும்; அதை வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை அலசினால் மறுபடி துவண்டு வெள்ளைப் பீங்கான் தட்டில் விரிக்க இடங்கொடுக்கும். அயோடின் கரைசலைப் பால் விடாத தேநீரின் நிறத்துக்கு நீர்த்துக்கொள்ள வேண்டும். அடர்த்தியாக விட்டால் இலை முழுதும் கரும்பழுப்பாகி, எது ஸ்டார்ச், எது அயோடினின் சொந்த நிறம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒளி பற்றிய சோதனை முதல் முயற்சியிலேயே அமைந்தது. கறுப்புச் சார்ட் தாளில் ஓர் எழுத்தை வெட்டியெடுத்து, அந்தத் தாளை இலையின் இருபுறமும் மடித்துக் கிளிப்பால் பொருத்தினால், வெட்டிய இடத்தின் வழியாக மட்டும் வெயில் விழும். மாணவர்கள் முதலில் ‘ழ’ வெட்டப் பார்த்தார்கள்; அதன் நடுவிலுள்ள வளையம் கழன்று விழுந்துவிட்டது. வளையமே இல்லாத ‘ட’வை வெட்டினோம். காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை வெயிலில் வைத்து, இலையைப் பறித்து, நிறம் நீக்கி, அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டபோது, வெளிறிய மஞ்சள் கட்டத்தின் நடுவே முதலில் ஒரு சாம்பல் நிழல் எழுந்தது. சில நொடிகளில் அது கருநீலமாக இறுகி, கூரான மூலைகளோடு ‘ட’ என்று நின்றது. தட்டைச் சுற்றி நின்ற இருபது தலைகளும் ஒரே சமயத்தில் குனிந்ததால் வெளிச்சம் மறைந்து, எல்லாரையும் ஒரு அடி பின்னால் போகச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த மகிழ்ச்சிக்கு இடையில்தான் பின்வரிசை மாணவன் ஒருவன், “தாளை வச்சு மூடினா காத்தும் போவாதுல்லா டீச்சர்?” என்று கேட்டான். மிகச் சரியான கேள்வி. கறுப்புத் தாள் ஒளியை மட்டும் தடுக்கவில்லை. அது மூடிய இடத்தில் காற்றோட்டத்தையும் குறைக்கிறது, வெயிலை உறிஞ்சிச் சூடாகவும் செய்கிறது. அப்படியிருக்க, வெளிறியதற்கு ஒளியின்மையே காரணம் என்று எப்படிச் சொல்வது? மறுநாள் அதே செடியின் வேறோர் இலையில், கறுப்புத் தாளுக்குப் பதிலாக நிறமற்ற பாலித்தீன் தாளை அதே அளவில் மடித்து, அதே வகைக் கிளிப்பால் பொருத்தினோம். பாலித்தீனுக்கு அடியில் இருந்த பகுதியும் மற்றப் பகுதியைப் போலவே நீலமாயிற்று. கிளிப்பின் உலோகம் பதிந்த இடம் மட்டும் வெளிறியிருந்தது. மூடியதனால் அல்ல, ஒளியைத் தடுத்ததனால்தான் ‘ட’வைச் சுற்றி வெளிறிற்று என்பது அந்த இரண்டாவது இலையைப் பார்த்த பிறகே உறுதியாயிற்று. இத்தனை ஆண்டுகளாக முதல் இலையை மட்டும் காட்டிவிட்டுப் பாடத்தை முடித்து வந்திருக்கிறேன்.

பச்சையத்துக்கு வெள்ளையும் பச்சையும் கலந்த கோலியஸ் இலையை எடுத்துக்கொண்டோம். கொதிநீரில் போடுமுன் இலையின்மேல் டிரேசிங் தாளை வைத்து, பச்சைப் பகுதியின் எல்லையைப் பென்சிலால் வரைந்துகொள்வது அவசியம். நிறம் போன பிறகு எது எங்கே இருந்தது என்று நினைவை நம்ப முடியாது. அயோடின் விட்ட இலையும் வரைபடமும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. சிவப்புக் கோடு ஓடும் வேறொரு கோலியஸ் இலையில், சிவப்பாக இருந்த இடமும் நீலமாயிற்று. கொதிநீரிலேயே சிவப்பு நிறம் இறங்கி, அடியிலிருந்த பச்சை தெரிந்ததை மாணவர்கள் முன்பே கவனித்திருந்ததால் அதை அவர்களே விளக்கிவிட்டார்கள்.

இனி கார்பன் டை ஆக்சைடு. டச்சுத் தாவரவியலாளர் யான் வில்லெம் மோலின் பெயரால் வழங்கும் அரை இலைச் சோதனையைத்தான் பாடநூல்கள் காட்டுகின்றன. அகன்ற வாயுள்ள குடுவையில் சிறிது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். இரண்டாகப் பிளந்த தக்கையின் நடுவே, ஸ்டார்ச் நீக்கிய செடியின் இலை. இலையின் நுனிப்பாதி குடுவைக்குள், அடிப்பாதி வெளியே. குடுவைக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை ஹைட்ராக்சைடு உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் சில மணி நேரம் வைத்தால், வெளியே இருந்த பாதி நீலமாகும், உள்ளே இருந்த பாதி வெளிறியிருக்கும் என்பது எதிர்பார்ப்பு.

எங்களுக்கு முதல் முறை இரண்டு பாதியும் நீலமாயின. எங்கள் ஹைட்ராக்சைடு பழையது; பாட்டிலின் மூடி சரியாக மூடாததால் வில்லைகள் நீரை இழுத்துக் கட்டியாகிக் கிடந்தன. காற்றில் திறந்துகிடந்த ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட்டாக மாறிவிடும் என்பதால், அதன்மேல்தான் எனக்கு ஐயம். வகுப்பில் பாதிப் பேருக்குத் தக்கையின்மேல் ஐயம். பிளந்த ரப்பர்த் தக்கையின் இரு பாதிகளும் இலைநரம்பின் தடிப்பினால் ஒட்டாமல், ஒரு ஊசி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்ததை அவர்கள் காட்டினார்கள். இரண்டையும் ஒருசேர மாற்றிவிட்டால் சோதனை சரியாகிவிடும், ஆனால் எது பழுது என்று தெரியாமலே போய்விடும். ஆகவே பழைய ஹைட்ராக்சைடையே வைத்துக்கொண்டு, தக்கையின் விளிம்புகளிலும் இலை நுழையும் பிளவிலும் வாசலைன் தடித்துப் பூசி அடைத்தோம். குடுவையைச் செங்கல்லின்மேல் சாய்த்துவைத்து, இலைக்காம்பு இழுபடாதபடி தொட்டியையும் உயர்த்திக்கொண்டோம். ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும் என்பதால் குடுவையை நான் மட்டுமே கையாண்டேன். இம்முறை உள்பாதி வெளிறியது. பழுது தக்கையில்தான் இருந்தது. நான் ஐயுற்ற பழைய வில்லைகளுக்கு இன்னும் போதுமான வலு இருப்பதாக அன்று நினைத்தேன்.

அந்த இலையில் மூன்று பட்டைகள் தெரிந்தன என்பதையும் குறித்துவைக்க வேண்டும். வெளியே நீலம், உள்ளே வெளிறல், இரண்டுக்கும் நடுவே தக்கை கவ்விய இடத்தில் கூரான எல்லையுடன் இன்னொரு வெளிறிய பட்டை. நடுப்பட்டை வெளிறியதற்குக் காரணம் ஒளியின்மை. உள்பாதி வெளிறியதற்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடு இன்மை என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள்.

“குடுவைக்குள்ள வெக்கை தாங்காமலும் இலை அப்பிடி ஆயிருக்கலாம்லா டீச்சர்? கண்ணாடி எல்லாம் வேத்திருந்துச்சே.”

அவள் சொன்னது உண்மை. வெயிலில் இருந்த குடுவையின் உட்சுவரில் நீர்த்துளிகள் படிந்திருந்தன. உள்ளே கைவைக்க முடிந்திருந்தால் வெப்பம் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். வெப்பமும் ஈரமும் அடைப்பும் உள்பாதிக்கு மட்டும் நேர்ந்தவை. எனவே அவை எல்லாம் அப்படியே இருக்க, ஹைட்ராக்சைடு மட்டும் இல்லாத ஒரு துணைக் குடுவை வேண்டும். மறுநாள் இரண்டாவது தொட்டியில், அதே அளவுக் குடுவையில், ஹைட்ராக்சைடுக்குப் பதிலாக அதே அளவு சாதாரணத் தண்ணீரை வைத்து, அதேபோல் வாசலைன் பூசி அடைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். தண்ணீர்க் குடுவைக்குள் இருக்கும் இலை நீலமாகும் என்று வகுப்பு முழுதும் எதிர்பார்த்தது, நானும் எதிர்பார்த்தேன்.

அதுவும் வெளிறியே இருந்தது.

அந்த மாணவி சொன்னதே சரி, வெக்கைதான் காரணம் என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு அன்று பதில் இல்லை. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விடை பிடிபட்டது. காற்றில் கார்பன் டை ஆக்சைடின் அளவு ஏறத்தாழ 0.04 விழுக்காடு. எங்கள் குடுவை 500 மில்லிலிட்டர். அப்படியென்றால் அடைத்த குடுவைக்குள் மொத்தமே 0.2 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடுதான் இருக்கும். நாலைந்து மைத்துளி அளவுதான். நல்ல வெயிலில் ஒரு செம்பருத்தி இலையின் பாதி அதைச் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் தீர்த்துவிடும். மீதி மூன்று மணி நேரமும் அந்த இலைக்கு ஒளி உண்டு, நீர் உண்டு, பச்சையம் உண்டு, எடுத்துக்கொள்ளக் கார்பன் டை ஆக்சைடு இல்லை. வாசலைன் பூசி இறுக்கமாக அடைத்த அளவில் ஹைட்ராக்சைடு குடுவையும் தண்ணீர்க் குடுவையும் ஒன்றே ஆகிவிட்டன. முதல்நாள் தக்கை ஒழுகியபோது உள்பாதி நீலமானதற்கும் இதுவே விளக்கம்: ஊசித்துளை வழியாக வெளிக்காற்று தொடர்ந்து வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

ஆகவே துணைக் குடுவைக்கு ஹைட்ராக்சைடு இல்லாமலிருந்தால் மட்டும் போதாது. தீரத்தீரக் கார்பன் டை ஆக்சைடை ஊட்டும் பொருளும் வேண்டும். அதற்கு ஆப்ப சோடா போதும். சோடியம் பைகார்பனேட்டான அதை நீரில் கரைத்துவைத்தால், மேலே உள்ள காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறையக் குறையக் கரைசல் அதை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். நூறு மில்லிலிட்டர் நீருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து மூன்றாவது தொட்டியில் மூன்றாவது குடுவையை அமைத்தோம். மூன்று தொட்டிகளையும் மறுபடி 48 மணி நேரம் இருட்டில் வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இலையைச் சோதித்து வெறுமை என்று உறுதி செய்துகொண்டு, ஒரே காலையில், ஒரே மதிலோரத்தில், ஒரே திசை நோக்கி வைத்தோம். மூன்று குடுவைகளின் சுவரிலும் வியர்வை படிந்தது. மூன்றுக்குள்ளும் கயிற்றில் தொங்கவிட்ட சிறு வெப்பமானிகள் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டின.

பதினொன்றரைக்கு மூன்று இலைகளையும் பறித்து, அடையாளம் மாறிவிடாதபடி ஒன்றுக்குக் காம்பில் ஒரு முடிச்சு, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று நூல் கட்டினோம். மூன்றும் ஒரே பாத்திரத்தில் நிறம் இழந்தன. அயோடின் விடும் பொறுப்பை அந்த மாணவியிடமே கொடுத்தேன். ஹைட்ராக்சைடு இலையின் உள்பாதி வெளிறல். தண்ணீர் இலையின் உள்பாதியும் வெளிறல், காம்புப் பக்கத்து நரம்போரம் மட்டும் லேசான சாயல். சோடா இலையின் உள்பாதி கருநீலம், வெளிப்பாதியைப் போலவே. அதில் வெளிறி நின்றது தக்கை கவ்விய அரை விரல் அகலப் பட்டை ஒன்றுதான். வெக்கை மூன்றுக்கும் பொது, அடைப்பு மூன்றுக்கும் பொது, ஈரம் மூன்றுக்கும் பொது. “அப்ப வெக்கை இல்ல டீச்சர், சாப்பாடுதான் இல்ல” என்று அவளே சொன்னாள். வாயுவைச் சாப்பாடு என்று சொல்வது பாடநூல் நடைக்கு ஒவ்வாது. ஆனாலும் நான் அதைத் திருத்தவில்லை, அவள் சொன்ன காரணம் சரியாக இருந்தது.

இந்தச் சோதனையைச் செய்துகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஹைட்ராக்சைடு குடுவை ஒன்றை மட்டும் வைத்தால், வரும் வெளிறலுக்கு எத்தனையோ காரணம் சொல்லலாம். தண்ணீர்க் குடுவையைத் துணையாக வைத்தால், அடைப்பு நன்றாக இருக்கும்போது சோதனை பொய்த்ததுபோலத் தோன்றும், அடைப்பு ஒழுகும்போது சரியாக நடந்ததுபோலத் தோன்றும். அது மாணவரை மட்டுமல்ல, ஆசிரியரையும் தவறான பக்கம் இழுத்துவிடும். சோடாக் குடுவைதான் உண்மையான துணை. ஹைட்ராக்சைடு கிடைக்காத பள்ளிகளில், இறுக்கமாக அடைத்த தண்ணீர்க் குடுவையையும் சோடாக் குடுவையையும் மட்டும் வைத்தே இதைக் காட்டலாம். அரிக்கும் பொருளைப் பிள்ளைகளுக்கு அருகில் கொண்டுவர வேண்டிய தேவையும் இல்லை.

நீர் வேண்டும் என்பதை இந்த வழியில் காட்ட நான் முயலவில்லை. செடிக்குத் தண்ணீரை நிறுத்தினால் ஒளிச்சேர்க்கை குறைவது உண்மை. ஆனால் இலை வாடும்போது இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே போகாது. எதனால் குறைந்தது என்று பிரிக்க முடியாத சோதனையைச் செய்துகாட்டுவதைவிட, அதைச் செய்யாமல் காரணத்தைச் சொல்வதே நேர்மை. வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்துதான் பிரிகிறது என்பதை, கனமான ஆக்சிஜன் அணு கலந்த நீரைக் கொடுத்து அமெரிக்காவில் ரூபனும் கேமனும் 1941-இல் காட்டினார்கள். அந்த வரலாற்றை மட்டும் வகுப்பில் சொன்னேன்.

அந்த ஆக்சிஜனைக் கண்ணால் பார்க்கக் கால்வாய்ப் பாசியே உதவியது. பிசானப் பருவ நெற்பயிருக்காகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால், படித்துறையில் ஹைட்ரில்லா கொத்துக்கொத்தாகக் கிடைத்தது. பீக்கரில் நீரும் சிறிது ஆப்ப சோடாவும். பாசித்தண்டுகளை வெட்டிய முனை மேல்நோக்கி இருக்கும்படி புனலுக்கடியில் வைத்து, புனலின் குழல்மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாயைக் கவிழ்த்தோம். வெயிலில் வைத்த சிறிது நேரத்தில் தண்டின் வெட்டுவாயிலிருந்து நூல் கோத்ததுபோல் குமிழிகள் எழுந்தன. அரை மணி நேரத்தில் பீக்கரின் கண்ணாடிச் சுவரிலும் சிறுசிறு குமிழிகள் ஒட்டியிருந்ததைக் கண்டு, இவையும் ஆக்சிஜனா என்று கேள்வி வந்தது. இதற்குள் துணை வைப்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. நான் சொல்லாமலே பாசி இல்லாத இன்னொரு பீக்கரைப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அதன் சுவரிலும் குமிழிகள் வந்தன. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருந்த காற்று வெளியேறுவதால் வருபவை அவை. ஆனால் அந்தப் பீக்கரின் குழாயில் வாயு சேரவில்லை. நூல்போல் எழும் குமிழி பாசி உள்ள பீக்கரில் மட்டுமே இருந்தது. பாசிப் பீக்கரை வெயிலில் இருந்த சூடு ஆறுமுன்பே தூக்கி அட்டைப்பெட்டிக்குள் வைத்தபோது, நீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே குமிழிச்சரம் மெலிந்து நின்றுவிட்டது. நீரில் மூழ்கிய இலைகள் வெளிவிடும் வாயுவுக்குச் சூரியனின் வெப்பமல்ல, ஒளியே காரணம் என்று டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் 1779-இல் எழுதியதும் இதைப் போன்ற சோதனைகளைச் செய்து பார்த்துத்தான். சேர்ந்த வாயுவில் ஊதுபத்தியின் தணலைக் காட்டியபோது அது பளிச்சென்று ஒளிர்ந்தது. குழாயில் பாதியாவது வாயு சேரும் வரை, அதாவது இரண்டு மூன்று நாள், பொறுமை வேண்டும். நீரில் கரைந்திருந்த நைட்ரஜனும் அதில் கலந்துவிடுவதால், கொஞ்ச வாயுவில் தணல் எதையும் காட்டாது.

எல்லாம் முடிந்ததாக நினைத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த நாளில், வயலிலிருந்து பறித்த நெற்பயிர் ஒன்றை ஒரு மாணவன் வேரோடு கொண்டுவந்தான். “இவ்வளவு நெல்லு வெளையுது, இதுல எவ்வளவு நீலம் வரும்னு பாப்போம் டீச்சர்” என்றான். பிற்பகல் மூன்று மணிக்குப் பறித்த, நாள் முழுதும் வெயிலில் நின்ற இலை. நிறம் நீக்கி அயோடின் விட்டோம். மங்கலான பழுப்பு நிறமே வந்தது. பக்கத்தில் வைத்த செம்பருத்தி இலை கருநீலமாக இருந்ததால் அயோடின்மேல் குறை சொல்ல வழியில்லை. நெல்லின் இலைத்தாள் தான் உருவாக்குவதைப் பெரும்பாலும் சுக்ரோஸ் சர்க்கரையாகவே வைத்துக்கொள்கிறது. ஸ்டார்ச்சாகச் சேர்ப்பது மிகக் குறைவு. இலைத்தாளில் நீலம் வராததால் அங்கே ஒளிச்சேர்க்கையே நடக்கவில்லை என்று எழுதியிருந்தால் அது பெரிய பிழையாகியிருக்கும். அப்படியானால் அந்தச் சர்க்கரை எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க, அதே பயிரின் தண்டைச் சுற்றியிருக்கும் அடி இலையுறையைப் பிளேடால் வெட்டியெடுத்து, கொதிநீரிலும் ஸ்பிரிட்டிலும் போட்டு எடுத்தோம். கதிர் வெளிவரச் சில நாட்களே இருந்த பயிர் அது. அயோடின் பட்டதும் இலையுறையின் வெட்டுவாய் ஓரம் முதலில் கறுத்தது. பிறகு நரம்புகளுக்கு இடையில் கோடுகோடாக நீலம் ஏறி, விரல் நீளத் துண்டு முழுதும் கருநீலமாயிற்று. அந்தத் துண்டையும் பழுப்பாக நின்ற இலைத்தாளையும் ஒரே வெள்ளைத் தட்டில் அருகருகே வைத்து, எந்தப் பகுதி, எத்தனை மணிக்குப் பறித்தது என்று அந்த மாணவன் தாளில் எழுதி அடியில் செருகிவைத்தான்.